ஷெட்டில் எடை, முன்னறையில் பில்: குலசேகரம் பக்கத்து ரப்பர் கடையில் டேப்லெட்டிலிருந்து பிரிண்டரை இணைத்த கதை

பின்னணி

குமரி மாவட்டம் குலசேகரத்துக்குப் பக்கத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் கடை ஒன்று. முன்னால் ஓடு போட்ட பழைய கட்டடம், அதுதான் ஆபீஸ். முற்றம் தாண்டி ஏறக்குறைய 40 மீட்டர் தள்ளி தகர ஷெட். விவசாயிகள் கொண்டுவரும் ஷீட்டை ஷெட்டில் இறக்கி, ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, குமிழ் இருக்கிறதா, பூஞ்சணம் பிடித்திருக்கிறதா, மரப்பட்டைத் தூள் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் தரம் பிரிப்பார்கள். ஆர்எஸ்எஸ் 4 (புகையில் உலர்த்திய ஷீட்டின் ஒரு தரம்) ஒரு பக்கம், அதற்குக் கீழே போவது இன்னொரு பக்கம், மரத்திலும் சிரட்டையிலும் உறைந்துபோன ஒட்டுப்பால் தனிச் சாக்கில். அப்புறம் எடை.

எடையைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு பையன் கையில் ஆபீசுக்குக் கொடுத்துவிடுவதுதான் அதுவரை இருந்த வழக்கம். நம்ம மாவட்டத்து மழைதான் தெரியுமே, இடவப்பாதியில், அதாவது மே கடைசி ஜூன் தொடக்கத்தில், தென்மேற்குப் பருவமழை தொடங்கும், அது ஓய்ந்து வெயில் பார்ப்பதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடும். நனைந்த சீட்டில் 3 எது 8 எது என்று தெரியாமல் போய் மழைக் காலத்தில் வாரத்துக்கு ஒரு தகராறாவது வரும் என்று கணக்கு எழுதும் பெண் சொன்னார். ஐந்து கிலோ மாறிப் போனால் விவசாயி கேட்கத்தான் செய்வார், கேட்பது நியாயமும்கூட.

ஆகவே மே கடைசியில் முதலாளி ஒரு ஆண்ட்ராய்டு டேப்லெட் வாங்கினார். எடையை ஷெட்டிலேயே டேப்பில் பதிய வேண்டும், பில் முன்னறை லேசர் பிரிண்டரில் விழ வேண்டும், விவசாயி போகிற வழியில் பில்லையும் பணத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். யோசனை நல்ல யோசனை. பிரிண்டரும் வைஃபை உள்ளதுதான், வாங்கி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

ஆனால் ஷெட்டிலிருந்து கொடுத்தால் 'பிரிண்டர் எதுவும் கிடைக்கவில்லை' என்றே டேப் சொன்னது. அதனால் பில்லை பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் கணக்குப் பெண்ணின் போனுக்கு அனுப்புவது, அவர் அதைக் கம்ப்யூட்டரில் திறந்து பிரிண்ட் எடுப்பது என்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பில்லுக்கு மூன்று, நான்கு நிமிடம். ஜூன் முதல் வாரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். மார்த்தாண்டத்தில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரக் கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் கம்ப்யூட்டர், நெட்வொர்க் வேலை பார்க்கிறேன் நான்.

முதல் நாள் கேட்டதும் பார்த்ததும்

முதலாளி போனிலேயே கேட்டார், "தம்பி, பிரிண்டர் பழசாயிட்டு போல, புதுசா ஒண்ணு வாங்கிடட்டா?" நான் வந்து பார்க்கும்வரை எதுவும் வாங்க வேண்டாம் அண்ணே என்றேன். ஷெட்டில் எடை போடுகிற அண்ணனுக்கு டேப் மேல்தான் சந்தேகம். "நேத்து வந்துது மக்கா, இன்னைக்கு வரல்லியே."

கணக்குப் பெண் சொன்னதுதான் எனக்குக் கை கொடுத்தது. "வைஃபையை அணைச்சுப் போட்டா சில நேரம் வருது சார், ஆனா முன்னறையில நின்னு பண்ணணும்." சும்மா சொல்லவில்லை, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான்கு நாளாகக் குறித்தே வைத்திருந்தார்: எத்தனை மணி, எங்கே நின்று கொடுத்தது, வந்ததா இல்லையா. ஷெட்டில் கொடுத்த 11 தடவையும் வரவில்லை. முன்னறையில் கொடுத்த 9 தடவையில் 5 வந்திருக்கிறது. பிரிண்டரோ டேப்போ கெட்டுப்போயிருந்தால் அது இடம் பார்த்துக் கெடாது. அந்தத் தாளைப் பார்த்ததுமே இரண்டுக்கும் நடுவில் உள்ள வழியைத்தான் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

முதலில் டேப்பின் பிரிண்டிங் அமைப்பைப் பார்த்தேன். ஆண்ட்ராய்டில் பிரிண்ட் வசதி 2013-ல் 4.4 பதிப்போடு வந்தது, அப்போது ஒவ்வொரு கம்பெனி பிரிண்டருக்கும் தனித்தனி ஆப் போட வேண்டியிருந்தது. 2017-ல் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்து பொதுவான பிரிண்ட் சர்வீஸ் உள்ளேயே இருக்கிறது, மோப்ரியா என்ற, பல கம்பெனிகளுக்கும் பொதுவான பிரிண்ட் முறையை ஏற்கிற பிரிண்டர் என்றால் தனி ஆப் எதுவும் வேண்டாம். இந்த டேப் அதற்கும் புதியது, சர்வீசும் ஆன் ஆகித்தான் இருந்தது.

அடுத்து பிரிண்டரின் மெனுவிலிருந்து அதன் நெட்வொர்க் விவரத் தாளை அச்சிட்டு எடுத்தேன். பிரிண்டரின் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண், 192.168.1.37. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே ஷெட்டுக்குப் போய் டேப்பில் வைஃபை விவரத்தைத் திறந்தால், 192.168.0.104. மூன்றாவது எண் வேறு. இரண்டும் இரண்டு நெட்வொர்க்கில் இருந்தன.

காரணம் ஷெட்டுக்குள் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த இன்னொரு ரூட்டர். முன்னறை ஃபைபர் மோடத்தின் சிக்னல் ஷெட்டுவரை எட்டாததால், போன வருடம் கேமரா மாட்டியபோது முன்னறையிலிருந்து கேபிள் இழுத்து, இந்த ரூட்டரின் 'வான்' (WAN, வெளியிலிருந்து நெட் வரும் பக்கம்) என்று எழுதியிருக்கும் ஓட்டையில் செருகியிருக்கிறார்கள். நெட் கிடைக்க அது போதும். ஆனால் அப்படிச் செருகினால் ரூட்டர் தனக்கென்று தனி நெட்வொர்க் ஒன்றை உண்டாக்கி, தன்னோடு சேர்கிற கருவிகளுக்குத் தானே முகவரி கொடுக்கும். அதோடு விட்டிருந்தால்கூட யாராவது கவனித்திருப்பார்கள், ஆனால் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாகவே வைத்திருந்தார்கள். டேப்பில் எந்நேரமும் ஒரே பெயர், ஒரே பச்சை அடையாளம். ஷெட்டில் நிற்கும்போது ஒரு நெட்வொர்க், முன்னறையில் நிற்கும்போது இன்னொரு நெட்வொர்க் என்று பார்க்கிறவருக்குத் தெரிய வழியே இல்லை.

பிரிண்டரைத் தேடும்போது டேப் செய்வது இதுதான். 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, 5353 என்ற போர்ட்டில், இங்கே பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா என்று ஒரு குரல் கொடுக்கும். அதே நெட்வொர்க்கில் இருக்கிற பிரிண்டர் பதில் சொல்லும். அந்தக் குரல் ரூட்டரைத் தாண்டி அடுத்த நெட்வொர்க்குக்குப் போகாது, அதன் விதியே அப்படி. முன்னறையில் 9-க்கு 5 வந்ததற்கும் இதுவே விளக்கம்: ஷெட்டிலிருந்து டேப்பைக் கையில் பிடித்து நடந்து வருகிறவருக்கு, சிக்னல் கொஞ்சம் இருக்கும்வரை டேப் பழைய ரூட்டரையே பற்றிக்கொண்டிருக்கும். வைஃபையை அணைத்துப் போட்டால் பக்கத்தில் இருக்கிற மோடத்தைப் பிடிக்கும், பிரிண்டரும் தெரியும். கணக்குப் பெண் தானாகவே கண்டுபிடித்த வைத்தியம் சரியான வைத்தியம்தான்.

அன்றைக்கு எடுத்த முடிவு

இரண்டு நெட்வொர்க்கையும் ஒன்றாக்குவதுதான் சரியான வேலை என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் செய்யவில்லை. ஷெட்டில் கேமரா பதிவுப் பெட்டி அந்த இரண்டாவது ரூட்டரில்தான் இணைந்திருந்தது, அதற்கு 192.168.0 வரிசையில் நிலையான முகவரி போட்டிருந்தார்கள், பெட்டியின் பாஸ்வேர்ட் கேமரா மாட்டியவரிடம் மட்டுமே இருந்தது, அவர் அன்று ஊரில் இல்லை. நான் ரூட்டரில் கை வைத்தால் முதலாளியின் போனில் கேமரா நின்றுவிடும். சரக்கு அடுக்கியிருக்கிற ஷெட்டில் ராத்திரி கேமரா இல்லாமல் விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

மற்ற வழிகளையும் யோசித்தோம். பிரிண்டரே சொந்தமாகத் தருகிற வைஃபை டைரக்டில் டேப்பைச் சேர்த்தேன், முன்னறையில் இரண்டு நிமிடத்தில் பிரிண்ட் வந்துவிட்டது. முதலாளிக்கு அதுவே போதும் என்றிருந்தது. ஆனால் அதில் சேர்ந்திருக்கும்போது அந்த டேப்பில் நெட் இல்லை, பில் மென்பொருளோ நெட் வழியாகத்தான் சேமிக்கும், அதோடு 40 மீட்டருக்கு அந்தச் சிக்னல் எட்டவும் இல்லை. எடை போடுகிற அண்ணன், பஸ் கண்டக்டர் வைத்திருப்பது மாதிரி சின்ன புளூடூத் பிரிண்டர் ஒன்று ஷெட்டிலேயே இருந்தால் என்ன என்று கேட்டார். நல்ல கேள்வி, செலவும் குறைவு. ஆனால் அது வெப்பத்தாளில் அடிப்பது, வெயிலிலும் சூட்டிலும் எழுத்து மங்கிவிடும். இங்கே விவசாயிகள் பில்லை மாதக்கணக்கில் வைத்திருந்து கணக்குப் பார்க்கிறவர்கள். அதனால் வேண்டாம் என்று முடிவானது.

கடைசியில் பிரிண்டரின் முகவரியைக் கையால் கொடுத்து டேப்பில் சேர்த்தேன். குரல் கொடுத்துத் தேடுவதுதான் ரூட்டரைத் தாண்டாது. முகவரி தெரிந்து நேராகப் போனால் உள்ளே இருக்கிற ரூட்டரிலிருந்து வெளியே இருக்கிற மோடத்தின் பக்கம் போக முடியும். ஷெட்டில் நின்று கொடுத்தோம்.

முன்னறையில் பிரிண்டர் உறுமியது, தாள் மட்டும் வெளியே வரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் ஆரஞ்சு விளக்கு விட்டுவிட்டு எரிகிறது, சின்னத் திரையில் 'லெட்டர்' தாள் வையுங்கள் என்று இருக்கிறது. டேப்பின் மொழி ஆங்கிலம் (அமெரிக்கா) என்று இருந்ததால் தாள் அளவையும் அமெரிக்க லெட்டர் அளவாக எடுத்துக்கொண்டிருக்கிறது, 216-க்கு 279 மில்லிமீட்டர். தட்டில் இருப்பதோ ஏ4, 210-க்கு 297. மொழியை ஆங்கிலம் (இந்தியா) என்று மாற்றி, ஏ4 என்று காட்டுகிறதா பார்த்துவிட்டு மறுபடி கொடுத்ததும் பில் விழுந்தது. இதே விளக்கைப் பார்த்துப் பிரிண்டர் போய்விட்டது என்று சர்வீசுக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு குறை மிச்சம் இருந்தது. முதலாளியின் ஐபேடிலிருந்து ஷெட்டில் பிரிண்ட் வரவில்லை. ஐபேடில் இருக்கிற ஆப்பிளின் பிரிண்ட் வசதி, 2010-ல் வந்த ஏர்பிரிண்டும் அதே மாதிரி குரல் கொடுத்துத் தேடுவதுதான், அந்த ஐபேடில் முகவரியைக் கையால் கொடுக்க இடமும் எனக்குக் கிடைக்கவில்லை. கேமராக்காரர் வந்ததும் சொல்லுங்கள், ஒரு நாள் சேர்ந்து செய்துவிடலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூன் கடைசியில் ஒரு காலை

மூன்று வாரம் பிரச்சினை இல்லாமல் ஓடியது. அப்புறம் தொடர்ந்து மழை. ராத்திரி ஏதோ ஒரு மரக்கிளை லைனில் விழுந்து கரண்ட் போய், விடியற்காலையில் வந்திருக்கிறது. மழை விட்டிருந்ததால், நாலைந்து நாளாகப் புகைப்புரையில் (ஷீட்டைப் புகையில் உலர்த்தும் அறை) கிடந்த ஷீட்டை எல்லோரும் ஒரே நாளில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். எட்டரை மணிக்குக் கணக்குப் பெண் கூப்பிட்டார், "சார், ஒண்ணுமே வரல, இருபது பேருக்கு மேல நிக்காங்க." பின்னால் ஒரு பெரியவர், "மக்ளே, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்பது எனக்கே போனில் கேட்டது. அந்தக் குரல் மனசை என்னவோ செய்தது. அவர்களில் பாதிப் பேர் ஆட்டோ பிடித்து வந்தவர்கள், காத்திருப்பதற்கும் சேர்த்து வாடகை கொடுக்கிறவர்கள்.

போனிலேயே பிரிண்டரின் நெட்வொர்க் தாளை எடுக்கச் சொன்னேன். 192.168.1.42 என்று வாசித்தார். கரண்ட் போய் வந்ததில் மோடமும் பிரிண்டரும் புதிதாகத் தொடங்கி, மோடம் வேறு முகவரியைக் கொடுத்துவிட்டது. டேப் பழைய 37-ஐத் தேடிக்கொண்டிருக்கிறது. முகவரியை நிலையாகப் பூட்டிவைக்காமல் கையால் சேர்த்தது என் தவறு. அந்தப் பூட்டை முன்னறை மோடத்தில்தான் போட வேண்டும், அதற்கும் ஷெட்டு ரூட்டருக்கும் கேமராவுக்கும் சம்பந்தமே இல்லை, ஆகவே முதல் நாளே ஐந்து நிமிடத்தில் முடித்திருக்க முடியும். புதிய முகவரியை எப்படிச் சேர்ப்பது என்று படிப்படியாகச் சொன்னேன், அவர் செய்தார், ஒன்பதே காலுக்குப் பில் வரத் தொடங்கியது. அதற்குள் வாட்ஸ்அப் வழியாக ஆறு பேருக்குக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

இரண்டாவது தடவை

அன்று மாலையே கேமராக்காரரை நானே போனில் பிடித்து, மறுநாள் கடை மூடிய பிறகு இரண்டு பேரும் போனோம். செய்ததை வரிசையாகவே எழுதுகிறேன், இந்த வரிசை முக்கியம்.

முதலில் மோடத்தில், தானாகக் கொடுக்கும் முகவரிகளை 192.168.1.20 முதல் 200 வரை என்று வரையறுத்தேன். பிரிண்டர் தாளில் அச்சாகியிருந்த மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள மாறாத அடையாள எண்) வைத்து, பிரிண்டருக்கு எப்போதும் 192.168.1.50 என்று ஒதுக்கினேன். பிரிண்டருக்குள்ளேயே நிலையான முகவரி போட்டுவிடலாம்தான், ஆனால் நாளைக்கு மோடத்தை மாற்றினால் பிரிண்டரில் அப்படிப் போட்டு வைத்தது யாருக்கும் நினைவிருக்காது. மோடத்தில் ஒதுக்கினால் எல்லாம் ஓரிடத்தில் தெரியும்.

அப்புறம் ஷெட்டு ரூட்டர். முன்னறையிலிருந்து வரும் கேபிளை முதலில் பிடுங்கினேன், இல்லாவிட்டால் ரூட்டரின் இரண்டு பக்கமும் ஒரே வரிசை முகவரி வந்து அது குழம்பும். லேப்டாப்பைக் கேபிளில் சேர்த்து ரூட்டரின் சொந்த முகவரியை 192.168.1.2 ஆக்கி, முகவரி கொடுக்கும் வேலையை, அதாவது டிஎச்சிபியை, அதில் அணைத்தேன். பிறகு பிடுங்கிய கேபிளை வான் ஓட்டையில் செருகாமல் பக்கத்தில் இருக்கும் 'லேன்' (LAN, உள் கருவிகள் சேரும் பக்கம்) ஓட்டைகளில் ஒன்றில் செருகினேன். இப்போது அது வெறும் வைஃபை நீட்டிப்பு, முகவரி எல்லாம் முன்னறை மோடமே கொடுக்கும். கேமராக்காரர் பதிவுப் பெட்டியை 192.168.1.10-க்கு மாற்றி, முதலாளியின் போனில் படம் வருவதைக் காட்டினார்.

வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். முன்பு குழப்பத்துக்குக் காரணமான அதே ஏற்பாடு, நெட்வொர்க் ஒன்றான பிறகு நல்லது: டேப் எங்கே போனாலும் ஏதாவது ஒன்றைப் பிடிக்கும், பிரிண்டர் தெரியும். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் பிரிண்டர் 2.4 கிகாஹெர்ட்ஸில், டேப் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறதே பரவாயில்லையா என்று கேமராக்காரர் கேட்டார். நெட்வொர்க் ஒன்றாக இருந்தால் பரவாயில்லை. டேப்பை 2.4-க்கு மாற்று என்று எங்கே பார்த்தாலும் சொல்கிறார்கள், அது தேவை இல்லாத வேலை.

டேப்பில் கையால் சேர்த்திருந்த பிரிண்டரை நீக்கிவிட்டு, ஷெட்டின் கடைசி மூலையில், அடுக்கி வைத்த ஷீட்டுக் கட்டுகளுக்குப் பின்னால் நின்று தேடினோம். நாலைந்து நொடியில் பிரிண்டர் பெயர் வந்தது. முதலாளி ஐபேடை எடுத்துவந்து அவரே ஒரு பக்கம் கொடுத்தார், முற்றத்தைக் கடந்து போய்த் தாளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். பிரிண்டர் உட்பட எந்தப் பொருளும் புதிதாக வாங்கவில்லை.

பிறகு நடந்தவை

நான்கு மாதத்தில் நான்கைந்து தடவை கரண்ட் போய் வந்திருக்கிறது, பிரிண்டரின் முகவரி மாறவில்லை. ஒருநாள் மட்டும் மத்தியானம் பிரிண்டர் தெரியவில்லை என்று போன் வந்தது. வேலை இல்லாவிட்டால் தானே அணைந்துவிடும் அமைப்பு பிரிண்டரில் ஆன் ஆகியிருந்தது, போனிலேயே சொல்லி அணைக்க வைத்தேன்.

இன்னொரு நாள் பிரிண்டரிலிருந்து யாரோ ஒரு மாணவரின் ஹால்டிக்கெட் மூன்று பிரதி வந்திருக்கிறது. காத்திருக்கிற விவசாயிகளுக்கும் கூட வருகிற பிள்ளைகளுக்கும் கேட்டவுடன் வைஃபை பாஸ்வேர்ட் கொடுப்பது அங்கே பழக்கம், நெட்வொர்க் ஒன்றானதால் அவர்கள் போனிலும் பிரிண்டர் தெரிய ஆரம்பித்துவிட்டது. பிரிண்டர் மட்டுமா, கேமராப் பெட்டியும் அதே நெட்வொர்க்கில்தான் இருக்கிறது. அடுத்த நாளே போய் மோடத்தில் விருந்தினருக்கென்று தனி வைஃபை ஒன்று திறந்து, உள்ளே இருக்கும் கருவிகளைத் தொட முடியாதபடி பிரித்து, பழைய பாஸ்வேர்டை மாற்றினேன். வருகிறவர்களுக்கு நெட் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, மலையடிவாரத்தில் போன் சிக்னல் சரியாகக் கிடைக்காத இடம் அது.

மழை ஈரத்தில் தாள் சிக்குவது தனித் தொல்லை. தட்டில் ஒரே நேரத்தில் ஐம்பது தாளுக்கு மேல் வைக்காமல், மிச்சத்தை உறையோடு அலமாரியில் வைக்கச் சொன்னேன், குறைந்திருக்கிறது. தகராறு இந்த மழைக் காலத்தில் ஒன்றே ஒன்றுதான் என்று கணக்குப் பெண் சொன்னார், அதுவும் தரம் பற்றியது, எண் பற்றியது இல்லை.

இனி மாற்றிச் செய்வது

எந்த இடத்துக்குப் போனாலும் பிரிண்டரின் நெட்வொர்க் தாளையும் டேப்பின் முகவரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைத்தான் இப்போது முதல் வேலையாக வைத்திருக்கிறேன். தற்காலிக வழியாக முகவரியைக் கையால் கொடுக்க நேர்ந்தால், மோடத்தில் அந்த முகவரியை ஒதுக்காமல் வெளியே வருவதில்லை. வேலை பாதியில் நின்றால், மறுபடி வருகிற நாளை அங்கேயே குறித்து வைத்து நானே கூப்பிடுகிறேன், அவர்கள் கூப்பிடட்டும் என்று இருப்பதில்லை. விருந்தினர் வைஃபையையும் அந்த முதல் நாளிலேயே பிரித்திருக்க வேண்டும்.

இந்தக் கடையில் இன்னும் இரண்டு வேலை பாக்கி. மோடத்துக்கும் ஷெட்டு ரூட்டருக்கும் சின்ன யுபிஎஸ் வைக்க வேண்டும், பிரிண்டரை அதில் சேர்க்கப் போவதில்லை, லேசர் பிரிண்டர் சூடாகும்போது இழுக்கிற கரண்டை அந்தச் சின்னப் பெட்டி தாங்காது. அப்புறம் முற்றத்துக்கு மேலே வெயிலிலும் மழையிலும் தொங்கிக்கொண்டிருக்கிற கேபிளைப் பைப்புக்குள் விட வேண்டும். அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் முகவரிகள் எல்லாவற்றையும் எழுதி ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன், மோடம் 1, ஷெட்டு ரூட்டர் 2, கேமரா 10, பிரிண்டர் 50. அதற்குக் கீழேயே கணக்குப் பெண்ணின் காலண்டர் தாளும் ஒட்டியிருக்கிறது.